பாலுண்ணியோடு 16 மாதங்கள்

குளிக்க வைக்கும்போது சோப்பு நுரையை வழித்துவிட்டேன். அப்போதுதான் கையில் தட்டுப்பட்டது. இடது அக்குளுக்குக் கீழே, விலாவில், மூன்று சின்ன மணிகள். என் பெரிய பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது முடிந்து நான்கு மாதம். பங்குனி வெயில் சென்னையில் ஏறத் தொடங்கியிருந்தது. வேர்க்குரு என்று நினைத்துப் பவுடரைத் தட்டிவிட்டு மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்தும் மூன்றும் அங்கேயே இருந்தன. வேர்க்குரு என்றால் கூட்டமாக வரும், அரிக்கும், உடம்பு கொஞ்சம் குளிர்ந்தால் அடங்கிவிடும். இவை அரிக்கவும் இல்லை, அடங்கவும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் தூக்கச் சொல்லி உற்றுப் பார்த்தேன். பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி எப்படி இருக்கும்? உருண்டையாக, பளபளவென்று, உள்ளே வெளிச்சம் புகுந்த மாதிரி. அப்படியே இருந்தது. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். ஒவ்வொரு மணியின் உச்சியிலும், ஊசி முனையை வைத்து அழுத்தி எடுத்தது போல ஒரு பொட்டுக் குழி. அந்தக் குழியைப் பார்த்தாலே தோல் மருத்துவர்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்துவிடும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சித்திரை பிறப்பதற்குள் மூன்று பதினொன்று ஆனது.

குழந்தை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. "பயப்படாதீங்கம்மா, இது மொலஸ்கம். வைரஸ்தான். தானாப் போயிடும்" என்றார். மருந்து என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம்" என்றார். எத்தனை நாளில் போகும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நாள் கணக்கு இல்லம்மா, மாசக் கணக்கு. ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம்" என்றார். சீட்டில் முழுப்பெயரை எழுதிக் கொடுத்தார்: மொலஸ்கம் கண்டேஜியோசம். அதற்குக் கீழே எந்த மருந்தின் பெயரும் இல்லை.

மருந்தில்லாத சீட்டோடு ஒரு மருத்துவரின் அறையிலிருந்து நான் வெளியே வந்தது அதுதான் முதல் முறை. நம்பிக்கையே வரவில்லை. காய்ச்சல் என்றால் சிரப், சளி என்றால் ஆவி என்று ஏதாவது கையில் கொடுத்துப் பழக்கப்பட்ட மனசு. பிள்ளை உடம்பில் ஒன்று வந்திருக்கிறது, அது பரவிக்கொண்டும் இருக்கிறது, நீ சும்மா இரு என்றால் ஒரு தாய்க்கு அதைப் போலக் கஷ்டமான வைத்தியம் வேறு கிடையாது.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனில் தேடினேன். இனிமேல் தேடப்போகிற அம்மாக்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு இது உடலுறவு மூலமும் பரவும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து அந்த வரியைப் படித்தபோது எனக்கு உள்ளங்கை சில்லிட்டுவிட்டது. மறுநாள் காலை மருத்துவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: குழந்தைகளுக்கு இது வருவது சாதாரணத் தொடுதலில்தான். தோலோடு தோல் உரசும் விளையாட்டு, ஒரே துண்டு, ஒரே தொட்டிக் குளியல். தன் கையாலேயே சொறிந்து ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தானே கொண்டு போய்விடுவார்கள். தொடையிலும் இடுப்புக்குக் கீழும்கூடப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வருகிறது. ஏதாவது சந்தேகமாக இருந்தால் வீட்டுக்குள் யாரையும் வெறித்துப் பார்க்கத் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். எனக்கு அந்த ஒரு போன் பேச்சு பெரிய பாரத்தை இறக்கிவைத்தது.

மே மாதம் லீவுக்கு ஊருக்குப் போனோம். சீர்காழிப் பக்கம் எங்கள் ஊர். அங்கே என் அப்பாயி, அப்பாவின் அம்மா, இருக்கிறார். 85 வயதைத் தாண்டியவர். கண் மங்கலாகிவிட்டது, ஆனால் விரலுக்கு எல்லாம் தெரியும். பெரியவளை மடியில் போட்டு முதுகைத் தடவியவர், விலாவுக்கு வந்ததும் விரலை நிறுத்தினார். இரண்டு மணிகளை மெல்ல உருட்டிப் பார்த்துவிட்டு, "பாலுண்ணிடி இது" என்றார். "நசுக்குனா உள்ள பால் கட்டியிருக்கும். நசுக்கிராத, தெறிச்ச எடமெல்லாம் மொளைக்கும்."

நான் அசந்துபோனேன். மருத்துவர் லத்தீன் பெயரில் சொன்னதை அப்பாயி தமிழில் சொல்லிவிட்டார். ஊரில் பாலுண்ணி என்ற பேரில் மருவையும் சேர்த்துத்தான் சொல்வார்கள், எல்லாமே மொலஸ்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நோய்க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. மணிக்குள்ளே இருப்பது வெள்ளையாக, திரிந்த பால் கட்டி போன்ற ஒன்றுதான். அதற்குள்தான் கிருமி முழுக்கக் குவிந்து கிடக்கிறது. நசுக்கினால் பரவும் என்பதும் சரிதான்.

பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு படி மேலே போனார். "முத்து போட்ட மாதிரில்ல இருக்கு? அம்மையா இருக்கப் போவுது, வேப்பிலை வை" என்றார். காய்ச்சல் இல்லை, நீர் கோக்கவில்லை, இது அம்மை இல்லை என்று நான் கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன். பின்னால் படிக்கப் படிக்கத்தான், அந்த அத்தை முழுக்கத் தவறாகச் சொல்லிவிடவில்லை என்று புரிந்தது. நாம் சின்னம்மை என்று சொல்வதைத் தருகிற கிருமி அக்கி இனத்தைச் சேர்ந்தது, பெரியம்மைக்கு உறவே கிடையாது. இந்தப் பாலுண்ணிக் கிருமிதான் பெரியம்மையின் குடும்பம். அந்தக் குடும்பத்தில் மனிதரை மட்டுமே பிடித்து வாழும் கிருமிகள் இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று பெரியம்மை, இன்னொன்று இது. பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழித்தாயிற்று என்று 1980ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மிச்சம் இருப்பது இந்தச் சின்னது ஒன்றுதான், பிள்ளைகளின் தோலில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மருத்துவ நூல்களிலும் இந்த மணிகளை முத்துப் போன்றவை என்றே எழுதியிருக்கிறார்கள்.

அதை அப்பாயியிடம் சொன்னேனே தவிர, சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் முகம் முழுக்கப் பெரியம்மைத் தழும்பு. சின்ன வயதில் நான் அந்தக் குழிகளுக்குள் விரலை வைத்து எண்ணி விளையாடியிருக்கிறேன். அது எப்படி வந்தது என்று அன்றுதான் முழுதாகச் சொன்னார். எட்டு வயதில் வந்ததாம். பின்கட்டில் ஓர் அறையில் தலைவாழை இலையை விரித்து அதில் படுக்கப் போட்டிருந்தார்களாம். புடவை பட்டால் ஒட்டிக்கொண்டு உரியும் என்பதால் வாழை இலை. வேப்பங்கொத்தால் வருடிவிடுவார்களே தவிர யாரும் கையால் தொடவில்லை. அவருடைய தம்பிக்கும் வந்தது. அவன் பிழைக்கவில்லை. தம்பி போனதைக்கூட ஏழெட்டு நாள் கழித்துத்தான் சொன்னார்கள்.

"எங்கம்மா மட்டும் ராத்திரியில வந்து பாதத்தைப் புடிச்சிக்கிட்டே உக்காந்திருக்கும். பாதத்துல மட்டும் கொஞ்சம் எடம் இருந்துச்சு, முத்து இல்லாம" என்றார்.

அதற்கப்புறம்தான் அவர் ஊருக்கு அம்மை குத்துகிறவர் வந்திருக்கிறார். கிண்டியில் 1899ல் நிறுவிய கிங் இன்ஸ்டிடியூட்டில் அம்மைப்பால், அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்து, தயாராகிக்கொண்டுதான் இருந்தது. அது அந்தப் பின்கட்டு வரைக்கும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. என் அப்பாவின் தோளில் அம்மை குத்திய வட்டத் தழும்பு உண்டு. எனக்கு அது தேவையே இல்லாமல் போய்விட்டது. இந்தியாவில் பெரியம்மை 1975ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. என் மாமியாருக்குத் தெரிந்த ஒருவர் வரப்பிலிருந்து அம்மான் பச்சரிசி பறித்துக்கொண்டு வந்து, தண்டைக் கிள்ளி வருகிற பாலைத் தினமும் வைத்தால் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் இரண்டு மணிகள் மேல் வைத்தேன். மறுநாள் சுற்றியிருந்த நல்ல தோலும் சேர்ந்து சிவந்து எரிய ஆரம்பித்துவிட்டது. பெரியவளுக்கு ஏற்கெனவே வறண்ட தோல், எக்ஸிமா என்கிற கரப்பான் உடம்பு. அந்தச் செடியின் பால் தோலைப் புண்ணாக்கக் கூடியது. கண்ணில் பட்டால் ஆபத்து. பெரியவர்களின் தடித்த மருவுக்கு எப்படியோ, குழந்தையின் தோலில் தயவுசெய்து வைக்காதீர்கள். எரிந்த இடம் அரித்தது, அரித்ததை அவள் சொறிந்தாள். சொறிந்த கோட்டின் மேலேயே, மணி கோத்த மாதிரி வரிசையாக ஆறு புதிது வந்தன.

ஜூனில் பள்ளி திறந்தது. நான்காம் நாள் டைரியில் குறிப்பு: குழந்தைக்கு அம்மை போல் இருக்கிறது, முழுவதும் சரியான பிறகு அனுப்பவும். முழுவதும் சரியாக ஒரு வருடம் ஆகும் என்று நான் எப்படிச் சொல்வது? மறுபடியும் குழந்தை மருத்துவரிடம் போய்க் கடிதம் வாங்கினேன். இதற்காகப் பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை, துணி மூடிய இடத்திலிருந்து யாருக்கும் ஒட்டாது, திறந்த இடத்தில் இருப்பதை ஒரு பிளாஸ்திரி போட்டு மூடினால் போதும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். ஆசிரியை அதைப் படித்தார், நல்லவிதமாகவே பேசினார், சேர்த்துக்கொண்டார். பிரச்சினை அதோடு முடியவில்லை. முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போகிற பிள்ளையின் கையை மற்றப் பிள்ளைகள் பிடிக்கவில்லை. அவர்களுக்கு அவரவர் வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வரிசையில் நிற்கும்போது முன்னால் இருக்கிறவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள் என்று அவள் வீட்டில் வந்து சாதாரணமாகச் சொன்னபோது, சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த அவசரத்தில்தான் ஜூலையில் ஒரு தோல் சிகிச்சை இடத்துக்குப் போனேன். "எடுத்துடலாம், ஒரே சிட்டிங்" என்றார்கள். மரத்துப்போகிற களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் அவள் எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் விளக்கை அருகில் இழுத்தார்கள். சிறிய வளையம் போன்ற கருவி, அதன் விளிம்பு கூர். ஒரு மணியின் அடியில் வைத்துச் சுண்டி எடுத்தார்கள். உள்ளேயிருந்து அரிசிக் குருணை அளவு வெள்ளையாக ஒன்று வந்து பஞ்சின் மேல் விழுந்தது. அந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம். வலி அவ்வளவு இருந்திருக்காது. ஆனால் ரத்தத்தைப் பார்த்துவிட்டாள். இரண்டாவதில் கத்தத் தொடங்கினாள். ஐந்தாவதில் என்னையும் ஒரு செவிலியரையும் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நானே அவள் கையை அழுத்திப் பிடித்தேன். ஒன்பதாவதில் "போதும், விட்டுடுங்க" என்று நான் சொல்லிவிட்டேன்.

அந்தச் சிகிச்சையே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. ஒன்றிரண்டுதான் இருக்கிறது, பிள்ளை கொஞ்சம் பெரியது, தொந்தரவான இடத்தில் இருக்கிறது என்றால் எடுத்துவிடலாம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் தொட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், குளிரூட்டி உறைய வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே முதன்முதலாக ஒரு மருந்துக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது 2023ல்தான். கொப்புள வண்டு என்கிற வகை வண்டில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து வந்தது அது, மருத்துவர்தான் தொட்டு வைக்க வேண்டும். 1817ல் லண்டன் மருத்துவர் தாமஸ் பேட்மேன் இந்த நோயை விவரித்து எழுதியதிலிருந்து கணக்குப் போட்டால் 200 வருடத்துக்கு மேல். அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. விட்டால் போய்விடுகிற நோய்க்கு எவ்வளவு வலியைக் கொடுக்கலாம்? என் பெண்ணிடம் ஒன்பதை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஆவணி முடிவதற்குள் 40ஐத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே தோலுக்குள் ஊறிக்கொண்டிருந்தவை. தொற்றிய நாளிலிருந்து வெளியே தெரிய இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம் என்பதை அன்றைக்கு யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்த ஒன்பதில் மூன்று இடத்தில் இன்னும் சின்னப் பள்ளம் இருக்கிறது. தானாகப் போன மற்ற எதுவும் அவ்வளவு ஆழமாகத் தடம் விடவில்லை.

அதற்கப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி எடுப்பது இல்லை, பரவாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். வீட்டில் ஆளுக்கொரு நிறத்தில் ஐந்து துண்டு வாங்கினேன். அவளுடையது பச்சை. நகத்தை வாரம் இருமுறை வெட்டினேன். தம்பியோடு சேர்ந்து குளிப்பதை நிறுத்தினேன். குளித்த ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் களிம்பு, காலையும் இரவும். உண்மையில் ரொம்ப உதவியது இந்தக் களிம்புதான். கிருமியை அது ஒன்றும் செய்யாது. ஆனால் வறண்ட தோல் அரிக்கிறது, அரித்தால் சொறிகிறார்கள், சொறிந்தால் பரவுகிறது. அந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுப்பது அதுதான். மணிகளைச் சுற்றி வட்டமாகக் கரப்பான் சிவந்தபோது மருத்துவர் மெல்லிய ஸ்டீராய்டு களிம்பு சில நாளைக்குக் கொடுத்தார், அரிப்பு அடங்கியது. நீச்சல் வகுப்பை நான் நிறுத்திவிட்டேன், நிறுத்தியிருக்க வேண்டாம். தண்ணீர் புகாத பிளாஸ்திரியால் மூடிவிட்டு, துண்டையும் மிதவைப் பலகையையும் யாரோடும் பகிராமல் இருந்தால் போதுமாம். அவள் நீச்சலில் அவ்வளவு ஆசையாக இருந்தாள். அந்த ஒரு வருடத்தை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

தீபாவளிக்கு முந்தின இரவு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. படுக்கையில் அவள் என்னைப் பார்த்துப் படுத்திருந்தாள். எப்போதும் என் கைமேல் தலை வைத்துத்தான் தூங்குவாள். அன்று கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்தாள். "கிட்ட வா" என்றேன். "வேண்டாம்மா, ஒட்டிக்கும்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "நீ என்னைத் தொட்டதும் கை கழுவுறல்ல" என்றாள்.

கழுவத்தான் செய்தேன். மணிகள் இருக்கிற இடத்தில் களிம்பு தடவியதும் கழுவ வேண்டும், அது சரி. ஆனால் நான் எல்லாவற்றுக்கும் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். தலை சீவிவிட்டு, சோறு ஊட்டிவிட்டு, பள்ளிக்கூட வாசலில் கையை விட்டுவிட்டு, கைப்பையிலிருந்து அந்தச் சானிடைசரை எடுத்து. எனக்கே தெரியாமல். துண்டைத் தனியாக வைத்தது போல அவளையும் கொஞ்சம் தனியாக வைத்திருக்கிறேன். அப்பாயி படுத்திருந்த வாழை இலை ஞாபகம் வந்தது. அது உயிர்க்கொல்லி நோய், அன்று வேறு வழி தெரியவில்லை. அப்போதும் ஒரு தாய் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் பெண்ணுக்கு வந்திருப்பது காய்ச்சலோ வலியோ கூடத் தராத ஒன்று. எனக்கு ஒட்டினால்தான் என்ன? இரண்டு மணி வரும், போகும். எழுந்து அவளை என் கைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் விறைப்பாகவே இருந்தாள். அப்புறம் தூங்கிவிட்டாள். மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது 43 மணிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினோம், அவளும் சேர்ந்து எண்ணினாள். எண்ணிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினேன், அவள் கையையும் சேர்த்து.

மார்கழியில் சின்னவனுக்கும் வந்தது. கழுத்தில் நான்கு. எவ்வளவு பார்த்துப் பார்த்து இருந்தும் வந்துவிட்டதே என்று முதலில் நொந்துகொண்டேன். பிரிட்டனில் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015ல் வெளியானது, அதை அப்போது படித்தேன். பத்து வீட்டில் நான்கு வீட்டில் கூடப் பிறந்தவர்களுக்கும் வந்திருக்கிறது. சராசரியாக 13 மாதம் இருந்திருக்கிறது. ஒன்றரை வருடம் ஆகியும் 30 சதவீதக் குழந்தைகளுக்குப் போகவில்லை, இரண்டு வருடம் ஆகியும் 13 சதவீதத்துக்குப் போகவில்லை. இந்த எண்கள் எனக்கு ஆறுதலாக இருந்தன. ஒன்பதாவது மாதத்தில் நாங்கள் எதிலும் தோற்றுப்போகவில்லை, பாதி வழியில்தான் இருந்தோம்.

ஏன் இவ்வளவு காலம் என்று மருத்துவரிடம் கேட்டேன். இந்தக் கிருமி ரத்தத்தில் கலப்பதே இல்லையாம். மேல்தோலோடு நின்றுவிடுகிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு, உடம்பின் காவலாட்களுக்கு ஆபத்துச் செய்தி போகாமல் தடுக்கும் புரதங்களைத் தானே செய்து வைத்துக்கொள்கிறது. அதனால் உடம்புக்கு ஒரு விருந்தாளி வந்திருப்பதே ரொம்ப நாள் தெரியாது. தெரிந்துவிட்ட பிறகு அதிக நாள் நீடிக்காது. அதனால்தான் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அதனால்தான் இத்தனை தாமதமும்.

தெரிந்துகொண்ட அந்த நாளை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த வருட மே மாதம். காலையில் சட்டை மாற்றும்போது விலாவில் இருந்த ஏழெட்டு மணிகள் சுற்றிலும் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தன. ஒன்றில் மஞ்சளாகச் சீழ் மாதிரி. புண்ணாகிவிட்டது, ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஆட்டோ பிடித்து ஓடினேன். மருத்துவர் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா, தொட்டால் ரொம்ப வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. சிரித்துவிட்டார். "இதுக்காகத்தாம்மா ஒரு வருஷமா காத்துக்கிட்டிருந்தோம். உடம்பு கண்டுபிடிச்சிடுச்சு. இது முடிவோட ஆரம்பம்" என்றார். காய்ச்சலும் பரவுகிற சிவப்பும் கடுத்த வலியும் இருந்தால் அது வேறு, அப்போது காத்திருக்கக் கூடாது, வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். கண் இமை ஓரத்தில் மணி வந்தாலும் அப்படித்தான், கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு முகத்தில் நிறைய, பெரிது பெரிதாக வந்தால் எதிர்ப்புச் சக்தியைப் பரிசோதித்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அது எதுவும் தேவைப்படவில்லை.

சிவந்தவை பத்து நாளில் பொருக்குத் தட்டின. குளிக்கும்போது ஒவ்வொன்றாக உதிர்ந்தன. விலா முடிந்ததும் முழங்கை மடிப்பு சிவந்தது, அப்புறம் தொடை. எங்கிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே திரும்பிப் போன மாதிரி எனக்குத் தோன்றியது, மருத்துவர் அப்படி ஒரு கணக்கு இல்லை என்றார். ஆடி முதல் வாரத்தில் முழங்காலுக்குப் பின்னால் கடைசியாக ஒன்று இருந்தது. ஒரு வியாழக்கிழமை அதையும் காணவில்லை. சின்னவனுக்குப் போக ஐப்பசி ஆனது. அக்கி மாதிரி இது நரம்புக்குள் ஒளிந்துகொண்டு பிறகு எழும்புவதில்லை, போனால் போனதுதான். புதிதாக எங்காவது ஒட்டினால்தான் மறுபடி வரும்.

அப்பாயி வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வேண்டிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போனபோது கூட்டிக்கொண்டு போனோம். பெரியவள் கொடிமரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துத் தானே கொட்டினாள். திரும்பி வரும்போது வண்டியில் அப்பாயி மடியில் உட்கார்ந்துகொண்டு, சட்டையைத் தூக்கி விலாவில் இருந்த மூன்று பள்ளங்களை அவருக்குக் காட்டினாள். அப்பாயிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் அவர் விரலைப் பிடித்து அந்தந்த இடத்தில் வைத்தாள். பிறகு அப்பாயியின் கன்னத்தில் விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள். வண்டி சீர்காழி வருவதற்குள் 61 வரை போய்விட்டாள்.

ஐந்து நிறத் துண்டுகளை இனிப் பிரித்து வைக்க வேண்டாம் என்று போன மாதம் எல்லாவற்றையும் ஒரே அலமாரித் தட்டில் அடுக்கினேன். சின்னவன் குளித்துவிட்டு வந்து கைக்குக் கிடைத்த பச்சைத் துண்டை எடுத்துத் துவட்டினான். பெரியவள் ஓடிவந்து பிடுங்கினாள். "அது என் துண்டு" என்றாள். "இப்போ யாரு வேணா எடுக்கலாம்டி, ஒட்டாது" என்றேன். "தெரியும்மா, ஆனா அது என்னோடது" என்று சொல்லிவிட்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்குக் காயப் போடப் போனாள்.